சத்தியத்தைப் பழகிய 40 நாட்கள்: ஓர் இணையவழிப் பயிற்சியின் மதிப்பீடு

யோக வகுப்பு என்றால் விரிப்பை விரித்துக் கைகால்களை நீட்டுவதுதான் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு ஊறிப்போயிருக்கிறது. பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் 195 என்றும் 196 என்றும் எண்ணப்படுகின்றன. அவற்றுள் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றே மூன்று என்பதை நான் வெகு காலம் அறியாதிருந்தேன். யோகத்தின் எட்டு அங்கங்களில் முதலாவதாக நிற்பது இயமம், அதாவது தீயதை விலக்கி நடக்கும் ஒழுக்க நெறிகள். அந்த இயமத்தில் அகிம்சைக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படுவது சத்தியம். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 40 நாட்கள் பழக்கும் இணையவழிப் பயிற்சி ஒன்றில் அண்மையில் சேர்ந்து, ஒரு நாளும் விடாமல் அல்ல என்றாலும், இறுதிவரை இருந்து முடித்தேன். குறைகளையும் சேர்த்தே எழுதப்போவதால் நடத்துபவர்களின் பெயரைக் குறிப்பிடவில்லை. இவ்வகைப் பயிற்சியில் சேர எண்ணுவோருக்கு எதைக் கேட்டுப் பார்த்துச் சேர வேண்டும் என்று தெரிந்தால் போதும் என்பதே என் நோக்கம்.

பயிற்சியின் அமைப்பு எளிமையானது. நாள்தோறும் காலையில் கேட்க 15 நிமிட ஒலிப்பதிவு ஒன்று வரும். வாரம் ஒருமுறை ஆசிரியை நேரலையில் ஒன்றரை மணி நேரம் வகுப்பெடுப்பார். இரவில் எழுத ஒரு குறிப்பேடு உண்டு. சேர்ந்தவர்களை இருவர் இருவராக இணைத்துவிடுகிறார்கள். அந்த இருவரும் வாரத்துக்கு இருமுறை தொலைபேசியில் பேசிக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் கணக்கு வைத்துக்கொள்ளக் கைப்பேசியில் ஒரு செயலி தருகிறார்கள். முதல் நான்கும் மிக நன்றாக அமைந்திருக்கின்றன. ஐந்தாவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வகுப்பிலேயே ஆசிரியை என் நம்பிக்கையைப் பெற்றுவிட்டார். 'பொய் சொல்லாதே' என்று தொடங்காமல், சூத்திரங்களுக்கு வியாசர் எழுதிய உரையிலிருந்து அவர் தொடங்கினார். கண்டது எப்படியோ, ஊகித்தது எப்படியோ, கேட்டது எப்படியோ, அப்படியே வாக்கும் மனமும் இருப்பது சத்தியம் என்பது அவ்வுரையின் முதல் வரி. அதற்கு அடுத்து வருவதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. நம் அறிவிலுள்ளதைப் பிறர் அறிவுக்குக் கொண்டுசெல்லவே சொல் பிறக்கிறது. ஆகவே அந்தச் சொல் கேட்பவரை ஏமாற்றுவதாக இருக்கக் கூடாது, மயங்கிய அறிவிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது, கேட்பவருக்கு எந்தப் பொருளையும் தராத மலட்டுச் சொல்லாகவும் இருக்கக் கூடாது என்கிறார் வியாசர். பேசியவரின் வாய்க்குள் தேடாமல், கேட்டவரின் மனத்தில் என்ன போய் உட்கார்ந்தது என்று பார்க்கச் சொல்லும் அளவுகோல் இது. இந்த ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டதுதான் இப்பயிற்சியின் பலம்.

அது வெறும் பாடமாக நின்றுவிடவில்லை என்பதற்கு என் முதல் வார அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் ஓர் அறிக்கையை முடித்துத் தர வேண்டியிருந்தது. மேலாளர் கேட்டபோது, "தரவெல்லாம் சேர்த்தாச்சு, இனி எழுத வேண்டியதுதான்" என்று சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தரவுகளைச் சேர்த்திருந்தேன், எழுதத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அந்த எழுத்து வேலைக்கு முழுதாக மூன்று நாட்கள் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அன்று மாலைக்குள் முடிந்துவிடும் என்று அவர் எண்ணிக்கொள்வார் என்பதும் தெரியும். அந்த எண்ணம் அவருக்கு வரட்டும் என்றுதான் அந்தத் தொடரையே அப்படி அமைத்தேன். இரவில், பயிற்சியில் என்னோடு இணைக்கப்பட்டிருந்த, என்னைவிட வயதில் இளைய பெண்ணிடம் இதைச் சொல்லி, பொய்யொன்றும் சொல்லவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் கேட்டார்: "அக்கா, நீங்க என்ன சொன்னீங்கங்கிறது இருக்கட்டும். அவர் என்ன புரிஞ்சுக்கிட்டுப் போனார்?"

அடுத்த நாள் காலையில் மேலாளரிடம் சென்று, அறிக்கைக்கு இன்னும் மூன்று நாட்கள் தேவை என்றும், முந்தைய நாளே அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். பிறகு வேறொரு வேலையை முன்னுக்கு நகர்த்திக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் 'சொல் சரி, பொருள் பொய்' என்ற இந்த வகைப் பேச்சு என் ஒரு நாளில் எத்தனை முறை வருகிறது என்பதை அதன் பின்னர்தான் கவனிக்கத் தொடங்கினேன். இரண்டாம் வார வகுப்பில், வியாசர் உரைக்கு விளக்கம் எழுதிய வாசஸ்பதி மிச்ரர் இதற்கு எடுத்துக்காட்டாகத் தருமரைத்தான் காட்டுகிறார் என்று ஆசிரியை சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அசுவத்தாமன் இறந்தானா என்று துரோணர் கேட்கிறார். இறந்த யானையை மனத்தில் வைத்துக்கொண்டு தருமர் இறந்தான் என்கிறார். துரோணரின் மனத்தில் போய்ச் சேர்ந்ததோ மகனின் மரணம். நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த கதைதான். அலுவலகத்தில் நான் சொன்ன ஒரு வரிக்கும் அதற்கும் உறவிருக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

குறிப்பேட்டைத் தனியே பாராட்ட வேண்டும். சுயமுன்னேற்ற நாட்குறிப்புகளில் வழக்கமாக இருக்கும் 'இன்று நான் மகிழ்ந்தவை' போன்ற கட்டங்கள் இதில் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் காண்டல், கருதல், உரை என்று மூன்று பத்திகள் மட்டுமே உள்ளன. இவை நம் சைவ சித்தாந்த நூல்கள் அளவைகளை, அதாவது ஒன்றை அறியும் வழிகளை, சொல்லும்போது கையாளும் சொற்கள். நேரே கண்டறிவது, கண்டதை வைத்து ஊகித்தறிவது, நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்டறிவது. வியாசர் சொன்ன கண்டது, ஊகித்தது, கேட்டது என்ற மூன்றோடு இவை கச்சிதமாகப் பொருந்துகின்றன. இரண்டையும் இணைத்தவர் யாராக இருந்தாலும் இரு மரபுகளையும் உள்ளிருந்து அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். அன்று நாம் உறுதியாகச் சொன்ன ஒரு வாக்கியத்தை மேலே எழுதி, அதில் எவ்வளவு எந்தப் பத்தியில் விழுகிறது என்று பிரித்து எழுதுவதே பயிற்சி.

ஒன்பதாம் நாள் நான் எழுதிய வாக்கியம், 'தோழி என்மேல் கோபமாக இருக்கிறாள்' என்பது. அன்று அதை இருவரிடம் சொல்லியிருந்தேன். காண்டல் என்ற பத்தியில் என்னால் எழுத முடிந்தது ஒன்றுதான்: நான் அனுப்பிய இரண்டு செய்திகளுக்கு அவள் பதில் எழுதவில்லை. உரை என்ற பத்தியில் எழுத ஏதுமில்லை. அவளும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. மிச்சமெல்லாம் கருதல். அந்தப் பத்தி நிரம்பி வழிந்தது. அவள் கோபமாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது என் ஊகம் என்பதை மறைத்து, நேரில் கண்டதைப் போல இருவர் காதில் போட்டுவிட்டேன். பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல், மயங்கிய அறிவிலிருந்து வரும் சொல்லால் சத்தியம் கெடுவது எப்படி என்பதை அந்த ஒரு பக்கம் எனக்குக் காட்டியது போல் எந்தச் சொற்பொழிவும் காட்டியதில்லை. பயிற்சி முடிந்த பின்னும் நான் விடாமல் வைத்திருப்பது இந்தக் குறிப்பேட்டைத்தான். இதை மட்டும் தனியாக விற்றாலும் வாங்கச் சொல்வேன்.

மூன்றாம் வாரத்தில் ஆசனம் வருகிறது, ஆனால் புதிய கோணத்தில். தமிழில் மெய் என்ற ஒரே சொல் உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். உள்ளத்தில் உள்ளது உண்மை, வாயில் வருவது வாய்மை, மெய்யில் நிற்பது மெய்மை என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆசிரியை அதைச் சொல்லிவிட்டுத் திரிகோணாசனத்தில் நிற்கச் சொன்னார். பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஆசனம் என்பதால் கை தரையைத் தொடும்வரை இறங்கினேன். திரையில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அவர், "கை எட்டுகிறது அம்மா, ஆனால் இடுப்பு முன்னால் சாய்ந்துவிட்டது, மூச்சு நின்றுவிட்டது. மூச்சு எங்கே தடையில்லாமல் ஓடுகிறதோ அங்கே நில்லுங்கள்" என்றார். மூச்சு தடைபடாத இடத்தில் நின்றபோது என் கை முழங்காலுக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. இத்தனை காலமும் நான் தரையைத் தொட்டது யார் பார்ப்பதற்காக என்ற கேள்வி அப்போது எழுந்தது. முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு ஆசனத்தில் நிற்பவரும், வலிக்கிறதா என்று ஆசிரியர் கேட்கும்போது இல்லை என்று தலையாட்டுபவரும் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். அந்தத் தலையாட்டல் காயத்தில் போய் முடிவதுண்டு. சத்தியத்தை அகிம்சைக்கு அடுத்து வைத்ததன் பொருத்தம் தன் உடலளவில்கூடப் புரியும் இடம் இது. ஆசனம் கற்பிக்கும் எல்லா வகுப்புகளும் இந்த ஒரு வாரப் பாடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

நான்காம் வாரம் எனக்கு ஏமாற்றம். உண்மையும் இரக்கமும் எதிரெதிரே நிற்கும்போது என்ன செய்வது என்பதுதான் அன்றாட வாழ்வில் சத்தியத்தைப் பழகுபவர் ஒவ்வொருவரும் முட்டி நிற்கும் இடம். அதற்கு ஒரு வாரம் முழுவதையும் ஒதுக்கியும், பேச வேண்டியதைப் பேசாமல் நழுவிவிட்டார்கள். சாதி, தேசம், காலம், சூழல் ஆகிய எவற்றாலும் வரையறுக்கப்படாத மாவிரதம் என்று பதஞ்சலி இயமங்களைச் சொல்வதை முதல் வாரத்தில் கற்பித்தார்கள். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்ற குறளை நான்காம் வாரத்தில் கற்பித்தார்கள். ஒன்று விலக்கே இல்லை என்கிறது. மற்றொன்று விலக்குக்கு இடம் தருகிறது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, எது எங்கே பொருந்தும் என்று ஒரு மணி நேரமாவது ஆராய்ந்திருக்க வேண்டும். கேள்வி கேட்ட ஒருவருக்கு, அன்போடு சொன்னால் எல்லாம் சரியாகும் என்ற அளவில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அன்போடு சொன்னாலும் சரியாகாத உண்மைகள் இருக்கின்றன என்பது நோயாளியின் அருகில் உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரியும்.

இத்தனைக்கும், அவர்கள் கையிலிருந்த வியாசர் உரையிலேயே இதற்கு வழி இருக்கிறது. சொல் எல்லா உயிர்களின் நன்மைக்காகவே பிறந்தது, அவற்றைக் கெடுப்பதற்காக அன்று. உயிர்களைக் கெடுக்கும் சொல் உண்மையைப் போலத் தோன்றினாலும் அது புண்ணியத்தின் போலி உருவமே. ஆகவே ஆராய்ந்து, எல்லா உயிர்க்கும் நலமான உண்மையைப் பேசுக என்று அவர் முடிக்கிறார். பொய்யைச் சொல்லிக்கொள்ள அதில் அனுமதி இருப்பதாக நான் காணவில்லை. எதை, எப்போது, எவ்வளவு சொல்வது, எங்கே வாய் மூடி இருப்பது என்ற ஆராய்ச்சியைத்தான் அது நம் பொறுப்பில் விடுகிறது. கீதையின் பதினேழாம் அத்தியாயமும் வாக்கின் தவத்தைச் சொல்லும்போது, மனத்தைக் கலக்காததும், உண்மையானதும், இனியதும், நலம் தருவதுமான சொல் என்று நான்கையும் ஒன்றாகச் சேர்த்தே வைக்கிறது. இந்த இரண்டு இடங்களையும் வைத்து ஆசிரியை எவ்வளவோ பேசியிருக்கலாம். அவருடைய புலமையைக் கண்டபின் இந்தக் குறை இன்னும் உறுத்துகிறது.

உறவினர் ஒருவர் தாம் எழுதிய சிறுகதையை அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்ட சிக்கல் எனக்கு அந்த வாரத்தில்தான் வந்தது. இரண்டு பக்கம் மட்டுமே படித்திருந்த நான், நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டேன். ஆராய்ந்து பேசுக என்ற வரி உறுத்தவே, மறுநாள் முழுவதையும் இருமுறை படித்துவிட்டு, நேற்று படித்து முடிக்காமலே எழுதினேன் என்பதை முதலில் சொல்லி, கதையில் எந்த இடம் என்னை நிறுத்தியது, எந்த இடத்தில் ஓட்டம் தளர்ந்தது என்று எழுதினேன். அவருக்கு வருத்தம் இருந்தது. இரண்டு நாள் கழித்து, தளர்ந்த இடத்தைத் திருத்தி மறுபடி அனுப்பினார். கடுமையாகச் சொல்வதா, இனிக்கச் சொல்வதா என்பதல்ல அங்கே நான் எதிர்கொண்ட கேள்வி. கருத்துச் சொல்லும் தகுதி வரும் அளவுக்கு நான் அந்தக் கதையை அறிந்திருந்தேனா என்பதுதான். படிக்காமல் புகழ்வது இனிய பொய் என்று நாம் எண்ணுகிறோம். எழுதியவருக்குப் பயன்படும் எதையும் தராத அது வியாசர் சொன்ன மலட்டுச் சொல்லின் அருகில்தான் நிற்கிறது.

இனிச் செயலியைப் பற்றி. நாள்தோறும் இரவு ஒன்பது மணிக்கு, 'இன்றைய பயிற்சியை முடித்தீர்களா?' என்று அது கேட்கும். ஆம் என்று தொட்டால் விளக்கு ஒன்று எரியும். தொடர்ந்து எரியும் விளக்குகளின் எண்ணிக்கை பெயரோடு எல்லாருக்கும் தெரியும். இல்லை என்றால் வரிசை அறுந்து மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். பதினோராம் நாள் காலையில் ஒலிப்பதிவை நான் கேட்கவில்லை. இரவில் குறிப்பேட்டையும் எழுதவில்லை. ஒன்பது மணிக்குக் கேள்வி வந்தது. பத்து விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நான் ஆம் என்று தொட்டேன். பதினோராவது விளக்கும் எரிந்தது.

அந்த இரவு தூக்கம் வரவில்லை. ஓர் எண்ணுக்காக, முகம் தெரியாதவர்கள் பார்க்கும் ஒரு வரிசைக்காக, சத்தியத்தைப் பழகவென்றே சேர்ந்த இடத்தில் பொய் சொன்னேன். குற்றம் என்னுடையது, அதைச் செயலியின்மேல் ஏற்றிவிட்டு நான் விலகிக்கொள்ள முடியாது. ஆனால் பதஞ்சலி இந்தத் தவறுகளைச் சொல்லும்போது, தானே செய்தது, பிறரைச் செய்வித்தது, பிறர் செய்ததற்கு உடன்பட்டது என்று மூன்றாகப் பிரிக்கிறார். ஆசை, சினம், மயக்கம் என்ற மூன்று வேர்களையும், மெல்லியது, நடுத்தரம், மிகுதி என்ற மூன்று அளவுகளையும் அவற்றோடு பெருக்கி 27 வகை என்று உரை கணக்கிடுகிறது. அந்தக் கணக்கின்படி, பொய் சொல்லத் தோதான ஒன்றைக் கட்டி வைப்பவருக்கும் பங்குண்டு. மறுநாள் என் பயிற்சித் துணையிடம் சொன்னபோது, "நானும் ரெண்டு நாள் அப்படித்தான் தொட்டேன்க்கா" என்றார் அவர். பயிற்சி முழுவதிலும் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில் மிகவும் பயனுள்ளதாக இருந்தது அந்த அழைப்புதான். அன்றே செயலியை நீக்கிவிட்டேன். எஞ்சிய நாட்கள் விளக்குகள் இல்லாமலே நன்றாகச் சென்றன. அவற்றில் நான்கு நாட்கள் பயிற்சி செய்யவில்லை என்று குறிப்பேட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 40 நாட்களில் 'உங்கள் சொல் பலிக்கும்' என்று பக்கத்தின் மேலே பெரிதாக எழுதியிருக்கிறார்கள். சத்தியத்தில் நிலைபெற்றவரிடம் செயலும் அதன் பலனும் வந்து தங்கும் என்பது சூத்திரத்தில் இருப்பதுதான். அறவழி நிற்பாயாக என்று அவர் சொன்னால் கேட்டவர் அப்படியே ஆவார் என்று உரையும் விளக்குகிறது. ஆனால் அது நிலைபெற்றவருக்குச் சொன்னது. 40 நாள் பழகியவருக்கு அதை வாக்களிப்பது, ஆசிரியையே முதல் வகுப்பில் கற்பித்த அளவுகோலின்படி, கேட்பவர் மனத்தில் இல்லாத ஒன்றை உட்கார வைப்பதாகும். வகுப்பில் அவர் ஒருமுறைகூட இப்படிப் பேசவில்லை. வகுப்புக்கும் விளம்பரத்துக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கக் கூடாது.

மற்றவை சுருக்கமாக. ஒலிப்பதிவுகள் தெளிவாக உள்ளன. பின்னணி இசை இல்லாதது பெரிய ஆறுதல். கையேட்டின் தமிழ் நன்றாக இருக்கிறது, சூத்திரங்களின் ஒலிபெயர்ப்பில் மட்டும் சில பிழைகள். கட்டண விவரங்கள் சேருமுன்னரே முழுமையாகத் தரப்பட்டன. இடையில் வேறெதையும் வாங்கச் சொல்லி நச்சரிக்கவில்லை.

திருமூலர் இயமத்தில் நிற்பவனைச் சொல்லும் பாட்டிலும் கொல்லான் என்பதற்கு அடுத்தே பொய்கூறான் என்று வைக்கிறார். அந்த இரண்டாவது சொல்லில் நாற்பது நாள் நின்று பார்க்க விரும்புகிறவர்கள் தயங்காமல் சேரலாம். குறிப்பாக, ஆசனம் ஓரளவு பழகி, அடுத்து என்ன என்று தேடுபவர்களுக்கு இது மிகவும் ஏற்றது. குடும்பத்திலோ வேலையிலோ கடினமான ஓர் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்ற நெருக்கடியில் இருப்பவர்கள் இதையே நம்பிச் சேர வேண்டாம். நான்காம் வாரம் அவர்களுக்குப் போதாது. சேர்பவர்கள் துணைவரோடு பேசும் அழைப்பைத் தவறவிட வேண்டாம்; செயலியை முதல் நாளே தவிர்த்துவிடுங்கள்.

பயிற்சியின் முடிவில் கருத்துப் படிவம் ஒன்று வந்தது. பதினோராம் நாள் நடந்ததையும் நான்காம் வாரத்தைப் பற்றிய குறையையும் விரிவாக எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் ஆசிரியையே பதில் எழுதியிருந்தார். விளக்கு வரிசையை அடுத்த அணியிலிருந்து எடுத்துவிடப் போவதாகவும், நான்காம் வாரத்தை இரண்டு வாரமாக விரிக்க எண்ணுவதாகவும் அதில் இருந்தது. விளம்பர வரியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த அணி இன்னும் தொடங்கவில்லை.